ரயில் வராத ஊருக்கு ஒரு நிலையம்

டி. கல்லுப்பட்டிக்கு ரயில் கிடையாது. ஒரு பக்கம் திருமங்கலத்தில் நிலையம் இருக்கிறது, மறுபக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. நடுவில், ராஜபாளையம் சாலையின் மேல் உட்கார்ந்திருக்கும் இந்த ஊருக்கு என்றைக்கும் பஸ்தான். அந்த ஊருக்கு ஒரு ரயில் நிலையம் கட்டுவதற்காக மாசிக் கடைசியில் ஒரு நாள் விடியற்காலையில் மதுரையிலிருந்து கிளம்பினேன். பையில் ஐந்து மீட்டர் டேப், கோடு போடாத நோட்டு, மூடி இறுகிய நாலு பிளாஸ்டிக் டப்பாக்கள். சட்டைப் பையில், பஞ்சில் சுற்றி, 19 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மனிதர்.

எங்கள் வீட்டு மாடியறையில் எட்டடிக்கு நாலடிப் பலகை ஒன்றில் மீட்டர் கேஜ் பாதை போட்டுக்கொண்டிருக்கிறேன். நிஜத்தில் 87 அடி, என் பலகையில் ஓரடி. உலகம் முழுக்க மாதிரி ரயில் செய்கிறவர்கள் அதிகம் பிடித்துக்கொண்ட அளவு இது, எச்.ஓ. என்பார்கள். இந்திய அகலப்பாதையை இந்த அளவுக்குச் சுருக்கினால் தண்டவாளங்களுக்கு நடுவே 19 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரவேண்டும். கடையில் கிடைக்கும் தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொருந்துவது. நம் ஊர் அகலப்பாதையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒல்லித் தண்டவாளத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். மீட்டர் கேஜில் அந்தக் குறை அனேகமாக இல்லை. ஆயிரம் மில்லிமீட்டரை 87ஆல் வகுத்தால் பதினொன்றரை. 12 மில்லிமீட்டர் பாதை கச்சிதமாக உட்கார்ந்துவிடும். நான் மீட்டர் கேஜைப் பிடித்துக்கொண்டதற்கு அது பாதிக் காரணம். மறு பாதி, சின்ன வயதில் போடி ரயிலின் ஜன்னலோரம்.

1927இல் விருதுநகர்–தென்காசிப் பாதை வந்தது. அடுத்த ஆண்டே மதுரை–போடிப் பாதை. இந்த இரண்டுக்கும் நடுவே, அதே வருஷங்களில், திருமங்கலத்திலிருந்து கல்லுப்பட்டி வழியாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கிளைப்பாதை போட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும்? என் பலகையில் இருப்பது அந்தக் கற்பனை. ரயில் மட்டும்தான் கற்பனை. ஊர், காடு, கிணறு, டீக்கடை எல்லாம் இருக்கிறபடியே இருக்கவேண்டும் என்று எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன்.

நிலையக் கட்டடத்தை அட்டையில் முடித்து, ஓடு ஒட்டி, சுண்ணாம்பு நிறம் அடித்து வைத்தபோது அது நேற்றுக் கட்டியது போல மின்னியது. பழசாக்க வேண்டும். கரித்தூளைத் தண்ணீரில் கரைத்து எல்லாச் சுவரிலும் பூசினேன். பழசாகவில்லை, அழுக்கானது. இரண்டும் வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கட்டடத்துக்கு வெயிலையும் மழையையும் கைப்பழக்கத்தையும் ஏற்றும் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் வெதரிங் என்று பெயர். அதை ஒரு கலையாக நிறுத்திக் காட்டியவர் என்று கலிபோர்னியாவின் ஜான் ஆலனைச் சொல்வார்கள். எல்லாரும் புதுப் பெயின்ட் மினுமினுப்பில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் வண்டிகளில் துருவும் கூரைகளில் புகையும் ஏற்றி வைத்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். சில நாட்களிலேயே அவர் வீட்டில் தீப்பிடித்து, அவர் வாழ்நாளெல்லாம் கட்டிய மலையும் பாலங்களும் கருகிப்போயின. எஞ்சியவை பெரும்பாலும் அவர் எடுத்த புகைப்படங்கள்தான். அவற்றைப் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்டது, கலிபோர்னியாவின் மலை ஊர் எப்படிப் பழசாகும் என்பதை. கல்லுப்பட்டிக் காடு எப்படிப் பழசாகும் என்பதற்குக் கல்லுப்பட்டிக்குத்தான் போகவேண்டும்.

போகிற வழியில் விளாச்சேரியில் இறங்கினேன். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில், கொலு பொம்மைகளுக்கும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளுக்கும் பேர்போன ஊர். திண்ணையெல்லாம் வெள்ளைப் பூச்சோடு காய்ந்துகொண்டிருக்கும் பொம்மைகள். மாதிரி ரயில் என்றால் வெளிநாட்டுப் பணக்கார விளையாட்டு என்று நினைக்கிறவர்களை இந்தத் தெருவுக்குத்தான் கூட்டிவர ஆசை. புரட்டாசி தோறும் எங்கள் பாட்டி கொலுப்படிக்குப் பக்கத்தில் பார்க் கட்டுவாள். ஆற்றுமணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு வயல் வைப்பாள். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்து ஓரமெல்லாம் மணல் மூடினால் குளம். அட்டைப்பெட்டியில் கோபுரம். சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் ஒன்று அதைச் சுற்றிவரும். நிலக்காட்சி அமைப்பது பற்றி எனக்குத் தெரிந்த முதல் பாடம் அதுதான்: குளத்தின் கரை தெரியக்கூடாது, வயலின் ஓரம் நேர்கோடாக இருக்கக்கூடாது.

சட்டைப் பையிலிருந்த மனிதரை எடுத்துக் காட்டினேன். பொம்மைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த அம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விரல்நுனியில் வாங்கிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பொடிசா எங்களுக்குப் பழக்கமில்ல தம்பி. ரெண்டு இஞ்சுக்குக் கீழ போனா அச்சுலருந்து கை கழண்டு வராது, ஒடிஞ்சு வரும்."

அவர் அடுத்துச் சொன்னதைத்தான் நோட்டில் எழுதிக்கொண்டேன். வேட்டிக்கு வெள்ளை அடிக்கும்போது சுத்த வெள்ளை அடிக்கமாட்டாராம். ஒரு பொட்டு நீலமும் ஒரு பொட்டு காவியும் கலப்பாராம். "சுத்த வெள்ளைன்னா சுண்ணாம்பாத் தெரியும். துணியாத் தெரியாது."

இதையே மாதிரி செய்கிறவர்கள் வேறு கணக்கில் சொல்வார்கள். பலகையை அறுபது சென்டிமீட்டர் தள்ளி நின்று பார்க்கிறோம். 87 மடங்கு என்றால் அது 52 மீட்டர். ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருக்கும் சுவர் எதுவும் அதன் சொந்த நிறத்தில் தெரியாது; நடுவில் இருக்கும் காற்றும் தூசியும் அதை மங்க வைத்துவிடும். அதனால் நிஜக் கட்டடத்தின் நிறத்தையே வாங்கி அடித்தால் மாதிரி கனத்துக் கிடக்கும். கறுப்பைச் சாம்பலாக்கு, சிவப்பைக் கொஞ்சம் வெளுக்க விடு. கணக்குப் போட்டு எட்ட வேண்டிய இடத்துக்கு விளாச்சேரியில் தூரிகையால் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

திருமங்கலத்தில் பஸ் மாறினேன். ஆலம்பட்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் வெளி விரிகிறது. மதுரை என்றதும் வைகையும் நெல்வயலும் நினைக்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் வேறு நாடு. வானம் பார்த்த பூமி. சில இடத்தில் செவல், சில இடத்தில் கரிசல், ஒரே காட்டுக்குள் இரண்டும் கலந்து கிடக்கிற இடங்களும் உண்டு. பருத்தி வெடித்து, பெண்கள் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். சோளமும் குதிரைவாலியும் அறுத்த தாள் கட்டைகள். வரப்பெல்லாம் சீமைக்கருவேலம், நடுநடுவே ஒற்றைப் பனை. மேற்கே சாப்டூர்ப் பக்கத்து மலை நீலமாக, பின்திரையில் ஒரே தூரிகை வீச்சில் தீட்டியதுபோல. திருமங்கலத்திலிருந்து வரும் சாலை இருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டாலும், என் அளவில் அது 230 மீட்டர். என்னிடம் இருப்பது எட்டடி. எதை விடுவது என்பதுதான் பஸ் ஜன்னலில் நான் போட்டுக்கொண்டு வந்த கணக்கு. மலையை விடமுடியாது. பனையையும் விடமுடியாது, இருபது மீட்டர்ப் பனை என் பலகையில் 23 சென்டிமீட்டர் நிற்கும். கட்டடங்களைவிட மரம் உயரமாக நிற்கும் ஊர் இது. அந்த விகிதத்தைக் குறைத்தால் எல்லாம் கெட்டுவிடும்.

கல்லுப்பட்டியில் இறங்கியதும் ஒரு டீக்கடைக்கு எதிரே உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம். இரண்டு டீ, ஒரு வடை. பழசாவது என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தக் கடை.

அடுப்புக்கு மேலே சுவரில் புகை. கடை முழுக்கப் புகையில்லை. அடுப்பிலிருந்து எழும்பி, விட்டத்தில் முட்டி, இரண்டு பக்கமும் விரிந்து, வாசல் பக்கம் மட்டும் நீண்டிருக்கிறது. காற்று போகிற வழி. கதவு நிலையில் தோள் உயரத்துக்கு எண்ணெய்ப் பளபளப்பு, மேலேயும் கீழேயும் வெறும் மரம். கதவின் பச்சைப் பெயின்ட் கை படும் விளிம்பில் உரிந்து, உள்ளே நீலம். நீலம் உரிந்த இடத்தில் கட்டை. அந்தக் கடை இரண்டு முறை நிறம் மாறியிருக்கிறது. தகரக் கூரையில் துரு ஆணி அடித்த துளையிலிருந்து தொடங்கி ஒழுகியிருக்கிறது, பிறகு தகரத்துக்கு மேல் தகரம் ஏறும் இடத்தில், பிறகு தண்ணீர் சொட்டும் கீழ் விளிம்பில். நடுத் தகரம் இன்னும் வெள்ளி. நான் என் நிலையத்துக்குத் தகரம் முழுக்கத் துரு அடித்திருந்தேன்.

ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்கிறது, காரணத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. காரணம் தெரியாமல் கறையை வைத்தால் கண் ஏமாறாது. பார்க்கிறவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம். ஏதோ சரியில்லை என்று கட்டாயம் தெரியும்.

இவற்றைச் செய்யும் வழிகள் கடினமானவை அல்ல. நெளிதகரத்தின் ஒரு நெளிக்கும் அடுத்த நெளிக்கும் இடையே நிஜத்தில் 76 மில்லிமீட்டர், சுருக்கினால் 0.87. ஐந்து மில்லிமீட்டர் போல்ட்டின் மரைக்கு மரை 0.8. ஹோட்டல் பார்சல் வரும் அலுமினியத் தாளை ஒரு ரப்பர் துண்டின் மேல் வைத்து அந்த போல்ட்டை அழுத்தி உருட்டினால் நெளிதகரம் தயார். உரிந்த பெயின்டுக்கு உப்பு போதும்: முதலில் நீலம் அடித்துக் காயவிட்டு, உரிய வேண்டிய இடத்தை மட்டும் ஈரமாக்கித் தூளுப்பைத் தூவி, உலர்ந்ததும் மேலே பச்சை அடித்து, அதுவும் காய்ந்தபின் தேய்த்தால் உப்போடு பச்சையும் பெயர்ந்து வரும். நரைத்த மரத்துக்கு என் வழி கடுக்காய். கடுக்காய்த் தண்ணீரை ஐஸ் குச்சியில் பூசி, அதன்மேல் இரும்புக் கம்பளியை வினிகரில் ஊறவைத்த தண்ணீரைத் தொட்டால், கண் முன்னால் குச்சி முப்பது வருஷம் மழையில் கிடந்த பலகையாகிவிடும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுக்கும் அந்த வேதியியல் நமக்குப் புதிதல்ல. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியவர்களும், துணிக்குக் கறுப்பு ஏற்றியவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

எழுந்திருக்கும்போது டீ மாஸ்டரிடம், வடிகட்டிப் போட்ட டீத்தூள் கிடைக்குமா என்றேன். "ரோசாச்செடிக்கா அண்ணே?" என்று கேட்டு, ஒரு கவர் நிறைய அள்ளிக் கொடுத்தார். காயவைத்துச் சலித்தால் மரத்தடியில் உதிர்ந்த சருகுக்கு அதைவிட நல்ல பொருள் இல்லை.

ஊருக்கு வெளியே தேவன்குறிச்சிக் குன்று தெரிகிற பக்கமாக நடந்தேன். எனக்கு ஒரு மோட்டார் ரூம் வேண்டியிருந்தது. இந்தச் சமவெளியைச் செய்கிறவர் வேறு எதைச் செய்யாவிட்டாலும் கிணற்றடி மோட்டார் ரூமைச் செய்தாகவேண்டும். வானம் பார்த்த காட்டுக்கு நடுவே எங்கே பச்சை தெரிகிறதோ அங்கே அது நிற்கும். சதுரக் கட்டடம், ஒரே கதவு, தட்டைக் கூரை, ஒரு மின்கம்பம். கத்துக்குட்டிகள் தொடங்குவதற்கும் அதைவிடத் தோதான கட்டடம் கிடையாது.

அப்படி ஒன்றைக் கண்டு டேப்பை நீட்டினேன். நீளம் எட்டடி, அகலமும் உயரமும் ஏழடி. என் அளவில் 28 மில்லிமீட்டருக்கு இருபத்துநாலரை. நீளத்தில் ஒரு தீப்பெட்டியின் பாதி சொச்சம். இரண்டாம் பக்கம் அளக்குமுன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"என்னய்யா அளக்குறீக? ரோட்டுக்கா?"

எழுபது வயதிருக்கும். தோளில் துண்டு, கையில் தொரட்டி. திருமங்கலம்–ராஜபாளையம் சாலையை நாலுவழியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்த பகுதியில், முன்பின் தெரியாத ஒருவன் டேப்போடு நின்றால் வேறென்ன கேட்பார்? டேப்பைச் சுருட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. பஞ்சைப் பிரித்து, அந்த 19 மில்லிமீட்டர் மனிதரை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது யாரு?"

"ஐயா மாதிரி ஒருத்தர்தான். ரயிலுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறார்."

வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துண்டு எங்க? தோள்ல துண்டில்லாம எவன் ரயிலுக்குப் போவான்?"

அதற்குப் பிறகு அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். சுவரைப் பற்றிக் கேட்டால் அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அடியில் ஒன்றரை அடிக்குச் செம்மண் நிறம்: கூரைத் தண்ணீர் தரையில் விழுந்து தெறித்தது. என் அளவில் அது ஐந்து மில்லிமீட்டர். மூலையில் முழங்கால் உயரத்துக்கு மழமழவென்று கறுத்த பட்டை: ஆடு உரசுகிற இடம். கதவுக்கு மேலே கரி: ஒரு மழைநாளில் பீசு போய்ப் புகைந்தது. பைப் வெளியே வரும் துளைக்குக் கீழே பழுப்பாக ஒழுகிய கோடு: பழைய இரும்புப் பைப் இருந்த காலத்தது, இப்போது பிளாஸ்டிக் பைப் வந்துவிட்டது, கோடு மட்டும் நிற்கிறது. கதவின் நிலைக்கு மேல் சிமென்ட் பூச்சில் குச்சியால் கீறிய இரண்டு எழுத்தும் ஒரு வருஷமும். அவருடைய அப்பாவின் எழுத்து. "அதையும் எழுதுவீகளா தம்பி?"

எழுதுகிறேன் என்றேன். மேற்குச் சுவரைப் பார்க்க முடியவில்லை. கருவேல விறகைக் கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஆட்டுக்குக் குழை கழித்த வேம்பு ஒன்று மொட்டையாக நின்றது. அதையும் நோட்டில் வரைந்துகொண்டேன்.

மண் அள்ளிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "மண்ணுக்குமா கேக்குறீக?" என்று அவரே ஒரு டப்பாவில் கரிசலை அள்ளிப் போட்டார். இன்னொன்றில் வண்டிப்பாதையோரத்துச் செவல்.

மண்ணை அப்படியே பலகையில் கொட்டமுடியாது. ஒரு மில்லிமீட்டர் மணல் என் உலகத்தில் ஒன்பது சென்டிமீட்டர்க் கல். வாணலியில் வறுத்துப் பூச்சியும் விதையும் போக்கி, உரலில் இடித்து, மெல்லிய வேட்டித்துணியில் முகப்பவுடர் பதத்துக்குச் சலிக்கவேண்டும். அப்போதுதான் அது மண்ணாகத் தெரியும்.

அங்கிருந்து காந்தி நிகேதனுக்குப் போனேன். கோ. வேங்கடாசலபதி 1940இல் தொடங்கிய ஆசிரமம். ஜே.சி. குமரப்பா தன் கடைசி வருஷங்களைக் கழித்த இடம். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, பம்பாயில் தொழில் நடத்தி, காந்தியோடு சேர்ந்து அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்திய மனிதர், கடைசியில் வந்து தங்கியது கல்லுப்பட்டியில். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் இறந்தார். மாதிரி ரயிலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். ஊரில் கிடைக்கும் பொருளை ஊர்க் கையால் ஆக்குவதைப் பற்றி அவ்வளவு யோசித்த ஒருவருடைய மண்ணில் நின்றபோது, இறக்குமதிப் புல்லும் இறக்குமதித் துருப் பொடியும் வாங்கி வைத்திருக்கும் என் அலமாரி நினைவுக்கு வந்தது. ஜெர்மன் கம்பெனிப் புல் ஜெர்மனியின் ஈரப் பச்சை. மாசி மாதத்துக் கல்லுப்பட்டிப் புல் தேங்காய் நாரின் நிறம். நாரே புல்லாகலாம். செங்கல் பொடி துருவாகலாம். பழைய மோட்டாரில் சுற்றிய செம்புக் கம்பியை முறுக்கினால் சீமைக்கருவேலத்தின் கோணல் தூர் அப்படியே வருகிறது. சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. இந்த இடத்தின் நிறம் இந்த இடத்தின் பொருளில்தான் இருக்கிறது.

சாயங்காலம் அம்மாபட்டிப் பக்கம் கொஞ்சம் நடந்தேன். சுற்றியுள்ள ஏழு ஊரும் சேர்ந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கும் முத்தாலம்மன் திருவிழாவுக்கு அம்மன் உருவங்கள் மண்ணில் பிறக்கும் ஊர். ஊர் ஊராகச் சப்பரம் கட்டி, வண்ணக் காகிதம் ஒட்டி, தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். இது திருவிழா இல்லாத மாசி. தெரு அமைதியாக இருந்தது. காகிதத்திலும் கழியிலும் கோபுரம் எழுப்பும் கை இந்தப் பகுதிக்குப் பரம்பரையாக இருக்கிறது என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அந்தக் கேள்வி கூடவே வந்தது: ரோட்டுக்கா? இடிப்பதற்கும் அளக்கலாம், வைத்துக்கொள்வதற்கும் அளக்கலாம். இங்கிலாந்தில் ராய் இங்கிலாண்ட் என்று ஒருவர் இருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து 1925இல் வந்தவர். கூரைவேய்ந்த கிராமத்து வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுவதையும் உருமாறுவதையும் பார்த்து, நிறுத்த முடியாததை அளந்தாவது வைப்போம் என்று இறங்கினார். வீட்டுக்கு வீடு போய் அளந்து, 76இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தார். தோட்டத்துக் காய்கறிச் செடி முதல் சுவரின் விரிசல் வரை. ஆக்ஸ்போர்டுஷயரில் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் 1954இல் அவர் தொடங்கிய பென்டன் அருங்காட்சியகம், 1930களின் ஒரு பள்ளத்தாக்கை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது. நம்மிடமும் புணேயில் ஜோஷி குடும்பத்தின் சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1998இலிருந்து மணி தவறாமல் ரயில் ஓட்டிக் காட்டுகிறார்கள், பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். ஆனால் ஒரு தமிழ்க் கிராமத்தை, அதன் மோட்டார் ரூமையும் ஆடு உரசிய மூலையையும் சேர்த்து, யாராவது இப்படி அளந்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. கோயிலை அளக்கிறோம், அரண்மனையை அளக்கிறோம். மோட்டார் ரூமை யாரும் அளப்பதில்லை. போடிப் பாதையில் மீட்டர் கேஜ் 2010 முடிவோடு நின்று, அகலப்பாதை போடி வரை போய்ச்சேர 2023 ஆனது. நடுவில் அந்தப் பழைய நிலையங்களில் எதையும் நான் அளந்து வைத்துக்கொள்ளவில்லை. அந்த வருத்தத்தில்தான் இந்த டேப்பை வாங்கினேன்.

வீட்டுக்கு வந்து முதலில் கரிசலைக் கரைத்தேன். சலித்த மண், தண்ணீர், கொஞ்சம் ஃபெவிகால். பலகையில் இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றிவிட்டுப் படுத்துவிட்டேன். கரிசலில் வெடிப்பு எப்படிக் காட்டுவது, ஊசியால் கீறவேண்டுமா, எத்தனை நாள் ஆகும் என்று மாதக் கணக்கில் யோசித்து வைத்திருந்த வேலை அது. காலையில் மாடியேறிப் பார்த்தால் கரிசல் தானே வெடித்திருந்தது. காட்டில் என்ன செய்யுமோ அதையே செய்திருந்தது: காயும்போது சுருங்கி, கோணல் கட்டங்களாகப் பிளந்து. மண்படுகை மெலிந்தால் வெடிப்பும் நெருங்கும். இரண்டு மில்லிமீட்டர்க் கரிசல், இரண்டு மில்லிமீட்டருக்குத் தகுந்த வெடிப்பை விட்டிருக்கிறது. ஃபெவிகால் கூடிய மூலையில் மட்டும் வெடிக்கவில்லை. அங்கே சுரண்டி எடுத்து மறுபடி வெறும் மண்ணாக ஊற்றினேன்.

மோட்டார் ரூமுக்கு நாலு ராத்திரி ஆனது. கல்யாணப் பத்திரிகை அட்டையில் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. தெறித்த செம்மண்ணுக்கு அதே வண்டிப்பாதைச் செவல், உலர்ந்த தூரிகையால் கீழிருந்து மேலே. ஆடு உரசிய பட்டைக்குப் பென்சில் கரியை விரலால் தேய்த்தேன். அந்த மழமழப்பு பெயின்டில் வராது. இரும்புப் பைப்பின் பழுப்புக் கோட்டை மறக்கவில்லை. நிலைக்கு மேலே ஒரு விரல் அகலம் இருந்த எழுத்து என் அளவில் கால் மில்லிமீட்டர் கூட வராது. தூரிகையில் ஒரே முடியை விட்டுவிட்டு மற்றதை வெட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன், இரண்டு எழுத்தும் நாலு இலக்கமும். 19 மில்லிமீட்டர் மனிதருக்கு சிகரெட் தாளில் கிழித்த துண்டு.

மேற்குச் சுவர் பார்க்காதது. அதற்கு என் அறிவைக் கொண்டு வெயில் ஏற்றினேன். மேற்கு வெயில் கடுமையானது. சுண்ணாம்பை வெளிறவைத்து, பூச்சை மெல்லிய விரிசலாக்கி, ஓரமெல்லாம் பொரிந்தமாதிரி செய்தேன். நாலு சுவரிலும் அதுதான் அழகாக வந்ததாக எனக்கு நினைப்பு.

படமெடுத்து அந்தப் பெரியவருடைய பேத்தியின் செல்லுக்கு அனுப்பினேன். ராத்திரி எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"எழுத்து தெரியுதுய்யா. பேத்தி பெருசாக்கிக் காட்டுனா. எங்கப்பா எழுத்துதான்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "துண்டும் இருக்கு" என்றார்.

"வேற ஏதும் தப்பிருக்கா ஐயா?"

"மேக்காலச் சுவரு எங்க சுவரில்லையே தம்பி."

விறகு அடுக்கியிருந்ததால் பார்க்கவில்லை, வெயில் அடிக்கிற பக்கமென்று நானாகச் செய்தேன் என்றேன்.

"அங்கிட்டு வெயிலு ஏது? வேம்பு நிக்குதுல்ல. நீங்க வந்தன்னிக்கு மொட்டையா நின்னுச்சு, நெசந்தான். சித்திரையில தழைச்சிருச்சுன்னா பொழுதடையிற வரைக்கும் அந்தச் சுவத்துல பொட்டு வெயில் விழாது. ஐப்பசி மழைக்குப் பாசி புடிக்கும், தையில காஞ்சு கறுப்பா நிக்கும். அந்தப் பக்கந்தான் நாங்க படுத்துக் கிடப்போம், மதியத்துக்கு."

இன்று காலை அந்தச் சுவரை ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். வெளிறலும் விரிசலும் போய் அட்டை தெரிந்தது. பச்சையில் கறுப்பு கலந்து, மேலிருந்து கீழே பாசி இறங்கிய தடங்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அது காய்ந்ததும் இடுப்பு உயரத்துக்குக் கீழே, ஆறேழு மில்லிமீட்டர் அகலத்துக்கு, ஆட்கள் முதுகு சாய்த்த இடம் ஒன்றைத் தேய்க்கவேண்டும். வேம்புக்குக் கம்பி முறுக்கி வைத்தாகிவிட்டது. இந்த முறை இலையோடு.